குடில் நாற்று

டிசம்பர் 14ஆம் தேதி இரவு ஓர் உழக்குக் கேழ்வரகைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அப்போதுதான் தொடங்குகிறது. மறுநாள் காலை தண்ணீரை வடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, சட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். 16ஆம் தேதி முடிச்சை அவிழ்த்தால் ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். வண்டல் மண், சலித்த மாட்டெரு, கொஞ்சம் மணல் மூன்றையும் கலந்து அகலமான தாம்பாளத்தில் பரப்பி, மண் தெரியாதபடி நெருக்கமாகத் தூவ வேண்டும். மூன்று நாள் இருட்டு. பிறகு சன்னலோர வெளிச்சம். தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். 24ஆம் தேதி மாலை குடில் கட்டி முடிக்கும்போது இரண்டு விரல்கடை உயரத்தில் பச்சைப் பசேலென்று நிற்கும்.

நட்சத்திரத்தை 23ஆம் தேதி ராத்திரி ஞாபகம் வந்தால்கூட வாங்கிவிடலாம். கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயத்தின் பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும். நாற்றை அப்படி வாங்க முடியாது. அது பத்து நாள் கேட்கும். திருவருகைக் காலத்தைப் பற்றிச் சிறு வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது இந்தத் தாம்பாளத்தில்தான். இரண்டாம் நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டதோ என்று பயமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அது வேரின் மெல்லிய ரோமம். நான்காம் நாள் காலையில் துணியை எடுக்கும்போது முழுத் தாம்பாளமும் ஒரே நேரத்தில் தலை தூக்கியிருக்கும்.

முதல் வருடம் இதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, “என்ன டீச்சர், முளைப்பாரியா போட்டிருக்கீக?” என்று கேட்டார். “ஆமாக்கா” என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாரியம்மன், காளியம்மன் பொங்கல் என்றால் முளைப்பாரி இல்லாமல் நடக்காது. மண்சட்டியில் வைக்கோலும் எருவும் இட்டு, ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று பல தானியங்களைத் தூவி இருட்டறையில் வைப்பார்கள். வெளிச்சம் படாத செடி வெளிச்சத்தைத் தேடித் தன் சேமிப்பையெல்லாம் தண்டுக்கே செலவிடும். அதனால் தளிர் மஞ்சள் பாய்ந்து, ஒல்லியாக, ஒரு முழத்துக்குக்கூட வளர்ந்து நிற்கும். இரவில் பெண்கள் அதைச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் தலையில் சுமந்து போய்க் கண்மாயிலோ ஊருணியிலோ கரைப்பார்கள். முளைப்பு நன்றாக இருந்தால் வெள்ளாமை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. விதை தேறுமா என்று விதைப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளும் சோதனையும் அதற்குள் இருக்கிறது. குடிலுக்கு நாற்று வளர்ப்பவர்கள் அதையே இருட்டிலிருந்து நான்காம் நாள் வெளியே எடுத்துப் பச்சையாக்கிக்கொள்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரான்சின் தெற்கே புரோவான்ஸ் பகுதியிலும் இது உண்டு என்று பின்னால் படித்தேன். டிசம்பர் 4, புனித பார்பராவின் திருநாள். அன்று மூன்று சிறு தட்டுகளில் கோதுமையை முளைக்கப் போடுகிறார்கள். கிறிஸ்துமஸ் மேசையிலும் குடிலிலும் அந்தப் பசுமையை வைக்கிறார்கள். நன்றாக முளைத்தால் வரும் வருடம் செழிக்கும் என்று அங்கேயும் சொல்கிறார்கள். மதுரைக்காரியும் புரோவான்ஸ்காரியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்க வழியில்லை. விதையை நம்பி வாழும் எந்தச் சமவெளியிலும் கைகள் இதைச் செய்யும் போலிருக்கிறது.

எங்கள் வீடு பசுமலையில் இருக்கிறது. அப்பா வழி சி.எஸ்.ஐ., அம்மா வழி கத்தோலிக்கம். நட்சத்திரமும் கீதபவனியும் அப்பா வீட்டிலிருந்து வந்தன, குடில் அம்மாவோடு வந்தது. திருவிளையாடல் புராணத்தில் மதுரையை அழிக்க ஏவப்பட்ட மாயப்பசு கடைசியில் மலையாகிக் கிடந்தது என்று ஒரு கதை உண்டு. அந்த மலையின் அடிவாரத்தில்தான் அமெரிக்க மதுரை மிஷன் தன் இறையியல் பள்ளியை நடத்தியது. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்த கல்லூரியும் 1881இல் இங்கேதான் பிறந்தது. மாட்டின் பெயர் கொண்ட மலையடியில் வளர்ந்ததாலோ என்னவோ, குடிலில் நான் முதலில் தேடுவது மாட்டைத்தான். நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்திலிருந்து அவை இரண்டும் நடந்து வந்து குடிலில் படுத்துக்கொண்டன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாடில்லாத குடிலை என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

அந்த மிஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளை அனுப்பியது பாஸ்டன் நகரத்துச் சங்கம். அவர்களில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபிலிருந்து வந்தவர்கள். அந்த மரபு கிறிஸ்துமஸை ஏற்றுக்கொள்ளாத மரபு. வேதத்தில் தேதி சொல்லப்படாத ஒரு நாளைக் கொண்டாடக் கூடாது என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் சட்டமே போட்டார்கள். கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681இல் சட்டம் போய்விட்டது, தயக்கம் போகவில்லை. மதுரைக்கு அவர்கள் கப்பல் ஏறிய காலத்திலும் அந்த ஊர்களில் பல இடங்களில் டிசம்பர் 25 ஒரு வேலைநாள்தான். அப்படியானால் எங்கள் வீட்டு வாசலில் மார்கழிக் கோலத்தோடு சேர்ந்து மலரும் நட்சத்திரமும், கார்த்திகைக்கு வாங்கிய அகல்களை எடுத்து வைத்திருந்து கிறிஸ்துமஸ் இரவில் திண்ணையில் ஏற்றும் வழக்கமும், குருத்தோலைத் தோரணமும் அவர்கள் பெட்டியில் வந்தவையாக இருக்காது. இங்கே இருந்த பெண்கள் தங்களுக்குத் தெரிந்த பண்டிகையின் கையை இந்தப் பண்டிகைக்கும் நீட்டியிருக்கிறார்கள். என் கணிப்பு இதுதான். ஒவ்வொரு வருடமும் மாடத்தைத் துடைத்து அகல் வைக்கும்போது அந்தக் கணிப்பு உறுதிப்படுகிறது.

மரத்தின் கதை வேறு. தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். கிளையை வெட்டி வந்து, மண் நிரப்பிய வாளியில் நட்டு, வாளியை வண்ணத்தாள் சுற்றி மறைப்பார்கள். ஊசி இலை போலத் தெரிவது உண்மையில் இலையே இல்லை. அது கணுக்கணுவான மெல்லிய குச்சி. இலைகள் அந்தக் கணுக்களில் பல்வரிசை மாதிரிச் செதில்களாகச் சுருங்கியிருக்கும். சவுக்கும் நம் மரம் இல்லை. கிழக்கே கடல்களுக்கு அப்பாலிருந்து வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சினுக்கு விறகாக வளர்க்கப்பட்டது. பனி நாட்டு மரத்துக்குப் பதிலாக நிற்க அதுதான் அகப்பட்டது. வந்த மரம் இத்தனை வருடம் நம் பிள்ளைகளின் கண்ணில் வெளிச்சத்தைத் தாங்கி நின்றது என்பதால் அதன் மேல் எனக்கு அன்பு உண்டு. கொடைக்கானல் பக்கத்து நாற்றங்கால்களிலிருந்து தொட்டியில் வரும் அரக்கேரியாவையும் ஒரு வருடம் வாங்கி வைத்தோம். கோடையில் மொட்டைமாடி வெயிலில் நுனி கருகி, ஆவணிக்குள் காய்ந்துபோனது. ஓர் உயிரை நான்கு நாள் அழகுக்காக வாங்கி வந்து வாட விட்டோமே என்று அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

அதன் பிறகு உடை மரத்துக் கொப்பை வைக்கிறோம். குடை விரித்த மாதிரி மேலே தட்டையாகப் பரந்து, வெள்ளை வெளேரென்று நீண்ட முள்ளோடு நிற்கும் மரம். மதுரைக்குத் தெற்கே போகப் போகக் கண்ணில் படும். காய்ந்த கொப்பு ஒன்றை எடுத்து வந்து, ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சோளப்பொரியைக் குத்தினால் மரம் பூத்துவிடும். கிராமத்துப் பிள்ளைகள் முள்ளுக் கொப்பில் பூவையும் பொரியையும் குத்தி விளையாடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் கை தானாகச் செய்தது. அப்பா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “முள்ளு பெரிய வெள்ளிக்கு உள்ளதும்மா. பிறந்த வீட்ல வைக்கலாமா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரே பொரிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேல் கொப்புகளில் குத்த ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தொட்டிலின் மேலே முள் நிழல் விழுவதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி செய்வதை விட்டுவிட்டோம். மதுரையில் டிசம்பர் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதே இல்லை. நமக்கு மார்கழிப் பனி உண்டு. அது புல்லில் உட்காரும், மூக்கை அடைக்கும், மல்லிகை வரத்தைக் குறைத்து விலையை ஏற்றும், வெள்ளையாகக் குவியாது. ஆனால் அந்தப் பருவத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் பூ ஒன்று நம்மிடம் இருக்கிறது. கண்ணுப்பிள்ளை. கூரைப்பூ என்றும், பூளைப்பூ என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். தரையை ஒட்டிய சிறு செடி. தண்டு முழுவதும் பஞ்சுத் துளி ஒட்டியது போலப் பூக்கும். மழை முடிந்ததும் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தானாக வரும். பறித்து வந்து தலைகீழாகக் கட்டி உலர்த்தினால் நிறம் மாறாமல் வாரக்கணக்கில் இருக்கும். குடிலின் கூரை மேலும் நாற்றின் ஓரத்திலும் அதை வைக்கிறேன். பனிக்குப் பதிலாக என்று யாரிடமும் சொல்வதில்லை. பார்ப்பவர்கள் பூவைப் பூவாகவே பார்க்கட்டும்.

இதெல்லாம் அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது.

அப்பத்தா பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், கதிர் அறுத்தவர். 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மேற்கு மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து எத்தனையோ ஆயிரம் ஏக்கரை இருபோகமாக்கியது. அந்த இரண்டு போகத்திலும் குனிந்த முதுகுகளில் ஒன்று அவருடையது. ஓட்டையில்லாத கூரையும் சிமிண்டுத் தரையும் அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் காத்திருந்து பெற்றவை. நான் முதன்முதலாக ஒரு கட்டு வைக்கோலைக் கூடத்துக்குள் கொண்டுவந்து இறக்கியபோது அவர் முகம் மாறிவிட்டது. “வைக்கலும் சாணியும் வேணாம்னுதான ஒங்களையெல்லாம் படிக்க வச்சேன். நல்லநாளும் அதுவுமா அதையவா தூக்கிட்டு வர்றீக?” என்றார்.

அவருடைய கிறிஸ்துமஸ் அலங்காரம் எதுவென்று எனக்குத் தெரியும். வருடம் முழுவதும் தேயிலைப் பொட்டலத்து வெள்ளித்தாளை நீவி நீவி வேதப்புத்தகத்துக்குள் சேர்த்து வைத்திருப்பார். டிசம்பர் வந்ததும் மூங்கில் சிம்பை வளைத்து நட்சத்திரம் கட்டி, புளியங்கொட்டையை வேகவைத்து அரைத்த பசையால் அந்தத் தாளை ஒட்டுவார். சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. வாசலுக்குச் செம்மண் பட்டை. வயலில் எங்கும் இல்லாத ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அது பளபளப்பு. சேறு ஒட்டாதது, யாருடைய வயலிலிருந்தும் வராதது.

வயலை விட்டு ஒரு தலைமுறையாவது விலகி நின்றவர்களுக்குத்தான் வைக்கோல் அழகாகத் தெரியும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பத்திரிகைப் படங்களில் வரும் நாட்டுப்புற அலங்காரங்களில், கோணியும் சுளகும் சுவரில் மாட்டிய மாட்டுவண்டிச் சக்கரமும் எல்லாம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கும். சுளகைப் பிடித்திருந்த கை மட்டும் அங்கே இருக்காது. அந்த அலங்காரத்தை நான் செய்ய விரும்பவில்லை. அதற்காக வைக்கோலை வெளியே போடவும் மனம் வரவில்லை, ஏனென்றால் குழந்தையைக் கிடத்திய இடம் அதுதான். பழைய தமிழ் வேதாகமம் அதற்கு முன்னணை என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. புதிய மொழிபெயர்ப்பில் தீவனத் தொட்டி என்று வரும். மாடு வாய் வைத்துத் தின்னும் இடம். அப்பத்தாவுக்கு அதன் வாடையும் ஈரமும் உண்ணியும் தெரியும். பிள்ளை பெற்றவளைத் தொழுவத்தில் படுக்க வைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்றும் தெரியும். எனக்குக் குடிலாகத் தெரிந்தது அவருக்கு இடமில்லை என்று சொன்ன வீட்டின் கதவாகத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கதையை என்னைவிட அவர்தான் சரியாகப் படித்திருந்தார்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பத்தா அந்தக் கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கொத்தை எடுத்து முறுக்கிப் பார்த்துவிட்டு, “இது மிசினு வைக்கலு. பிரி நிக்காது. கையால அடிச்சதா வாங்கிட்டு வா” என்றார். அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் புகுந்து வெளிவரும் வைக்கோல் நொறுங்கி, நீளம் குறைந்து விழுகிறது. சுருட்டுக் கட்டாகக் கட்டி மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பலாம், கூரைக்கும் பிரிக்கும் ஆகாது. களத்தில் கதிரை அடித்து உதிர்த்த நெட்டை வைக்கோல் இன்று தேட வேண்டிய பொருளாகிவிட்டது. சோழவந்தான் பக்கம் அம்மாவின் உறவினர் ஒருவர் மாட்டுக்கென்று கொஞ்சம் கையறுப்பு அறுக்கிறார். முதல்போக வைக்கோல் அங்கிருந்துதான் வருகிறது. அப்பத்தா அதில் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, கட்டைவிரலால் முறுக்கிக்கொண்டே போய், குடிலின் மூன்று பக்கமும் சுற்றுமளவுக்குப் பிரி திரித்தார். ஓரிடத்திலும் இணைப்பு தெரியவில்லை. அது அவர் செய்த கடைசிப் பிரி. ஒவ்வொரு ஜனவரியிலும் அதைச் சுருட்டி வேப்பிலை போட்டு வைக்கிறேன். உடை மரத்தின் உச்சியில் அவருடைய தேயிலைத்தாள் நட்சத்திரம் இருக்கிறது. மேலே வெள்ளித்தாளும் கீழே வைக்கோலும் என்று எங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டது.

பொம்மைகள் விளாச்சேரியிலிருந்து வந்தவை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில், எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர். தமிழைச் செம்மொழி என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவரான பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்த ஊர் என்று பலருக்குத் தெரியும், அவர் வீடு இப்போது நினைவில்லம். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக மண் பிசையும் குடும்பங்கள் ஆவணியில் விநாயகரும், புரட்டாசியில் கொலுப் பொம்மையும், கார்த்திகைக்கு அகலும் செய்து முடித்த கையோடு குடில் செட்டுக்கு வருகிறார்கள். குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், சம்மனசு, மாடு, கழுதை, ஆடு, ஒட்டகம். சுண்டுவிரல் அளவிலிருந்து கோவிலில் வைக்கும் ஆளுயரம் வரை. கேரளத்துக்கும் இங்கிருந்து போகிறது.

அங்கே ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் அவர்களுக்குப் பெரிய சோதனை. கண்மாய்க் களிமண்ணை மிதித்து, கல் நீக்கி, அச்சில் அழுத்தி எடுத்த பொம்மை நிழலில் மெதுவாகக் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் விரியும். ஈரம் உள்ளே இருக்கச் சூளையில் ஏற்றினால் அந்த ஈரம் ஆவியாகிப் பொம்மையை உடைத்துக்கொண்டு வெளியேறும். மழை வாரத்தில் சுடவும் முடியாது, நாளும் நிற்காது. அதனால்தான் பலர் காகிதக்கூழுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசுக்கும் போய்விட்டார்கள். வாங்குகிறவர்களும் எடை குறைவாக, பளிச்சென்று இருப்பதைக் கேட்கிறார்கள். நான் சுட்ட மண்ணைத்தான் கேட்டு வாங்கினேன். கீழே விழுந்தால் உடையும், உடைந்தால் மண்ணோடு போகும். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அம்மாள் மரியாளுக்குக் கண் எழுதும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். எழுதி முடித்ததும் பொம்மையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, தன் பிள்ளையின் நெற்றிப் பொட்டைச் சரிசெய்வது போல ஓரத்தை விரலால் துடைத்தார். கொலுவுக்கு மீனாட்சியின் கண்ணை எழுதிய அதே விரல்கள். பிறகு என் கையில் கொடுத்து, “தண்ணி படாமப் பாத்துக்கங்க” என்றார். பக்கத்தில் நாற்று வைத்துத் தண்ணீர் தெளிக்கும் எனக்கு அது இன்றுவரை கவனத்தில் இருக்கிறது.

புரோவான்ஸில் குடிலுக்கென்று சான்டோன் என்ற மண்பொம்மைகள் செய்கிறார்கள். மீன் விற்பவள், மாவரைப்பவன், கத்திக்குச் சாணை பிடிப்பவன் என்று அந்த ஊரின் எல்லாத் தொழிலாளரும் தொழுவத்தை நோக்கி நடப்பார்கள். விளாச்சேரிக் குடிலில் இன்னும் இடையர்கள் நீண்ட அங்கியும் தலைத்துணியுமாகவே இருக்கிறார்கள். அந்த அச்சு எங்கிருந்தோ வந்த அச்சு. எனக்கு ஒரு நெடுநாள் ஆசை: அந்த இடத்தில் ஒரு கீதாரியை வைக்க வேண்டும்.

அறுவடை முடிந்த தரிசில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களை இந்தச் சமவெளியில் எல்லோரும் பார்த்திருப்போம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான ஆடுகளோடு கால்நடையாக வருவார்கள். கீதாரி என்பவர் மந்தைக்குத் தலைவர். பகலில் மேய்ச்சல், இரவில் ஒரு வயலில் கிடை. ஆடுகள் இரவெல்லாம் போடும் புழுக்கையும் நீரும் அந்த வயலுக்கு உரம். வயல்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். வலைகட்டிய கிடைக்குப் பக்கத்தில், திறந்த வானத்தின் கீழே, நாயும் கம்பும் போர்வையுமாக அவர்கள் விழித்திருப்பார்கள். பச்சைக் குட்டிகளை மட்டும் பனியும் நரியும் அண்டாமல் கவிழ்த்து மூடிய கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். லூக்கா சொல்லும் இடையர்கள் வேறு எப்படி இருந்திருக்க முடியும்? ஊருக்குள் வீடில்லாதவர்கள், இரவில் வயலில் கிடந்தவர்கள், பிறந்த குட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். செய்தி முதலில் அவர்களிடம் வந்தது. விளாச்சேரி அம்மாளிடம் தலைப்பாக்கட்டும் தோளில் போர்வையும் கையில் தொரட்டியுமாக ஒருவரைச் செய்து தர முடியுமா என்று கேட்டேன். “அச்சு இல்லைங்க. கைலதான் பிடிக்கணும். அடுத்த வருசம் மழைக்கு முன்ன வாங்க” என்றார். ஆடிக்குள் போக வேண்டும்.

குடில் வைக்கும் வழக்கத்தை 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் தொடங்கினார் என்று சொல்வார்கள். அங்கே பொம்மை ஒன்றும் இல்லை. உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி ஒரு தீவனத் தொட்டி, நிறைய வைக்கோற்புல், ஒரு காளை, ஒரு கழுதை இவற்றை ஏற்பாடு செய்யச் சொன்னார். தீவட்டிகளோடு மக்கள் காட்டுவழியே வந்து கூடினார்கள். தொட்டியின் மேல் வழிபாடு நடந்தது. பிரான்சிசின் வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ ஊர் தாமஸ் இதற்குப் பிறகு ஒரு செய்தியைச் சொல்கிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தத் தொட்டியில் கிடந்த புல்லை எடுத்து வைத்திருந்து, நோயுற்ற மாடுகளுக்குக் கொடுத்தார்களாம், அவை குணமாயினவாம். அலங்காரத்துக்கு வைத்த புல் மறுபடியும் மாட்டின் வாய்க்கே போயிருக்கிறது.

அதிலிருந்து 400 வருடம் கழித்து, 1623இல், மதுரையைப் பற்றி ரோமில் ஒரு தீர்ப்பு வெளியானது. 1606இல் இங்கே வந்து காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்ற ராபர்ட் தெ நொபிலியைப் பற்றிய வழக்கு அது. சந்தனம் பூசுவதும் குடுமி வைப்பதும் நீராடுவதும் விசுவாசத்துக்கு எதிரானவை அல்ல என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஏற்றுக்கொண்டார். சாதி வேற்றுமைக்கு அந்த வழி இடம் கொடுத்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு, அப்பத்தாவின் பேத்திக்கு அது இல்லாமல் இருக்காது. ஆனாலும் சந்தனத்துக்கு ரோமில் வழக்காடிய ஊர் இது. முளைப்பாரித் தாம்பாளத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்காமலே பெண்கள் அதைக் குடிலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். தென்னங்குருத்தை நடுவில் கிழித்து மடித்துக் கிளியும் மணியுமாகத் தோரணம் கட்டுவது, நிலக்கோட்டைப் பக்கத்துச் செவ்வந்தியை நிலைவாசலில் தொங்கவிடுவது, பரங்கிப்பூவைச் சாண உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவே வைப்பது. வைக்கோலுக்குப் பக்கத்தில் எந்த மின்விளக்கும் வைப்பதில்லை. குடிலுக்கு வெளியே, நாற்றுத் தாம்பாளத்துக்கு முன்னால், தரையில் இரண்டு அகல் மட்டும், நாங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம்வரை எரியும். நள்ளிரவு ஆராதனை முடிந்து வந்து குழந்தையை முன்னணையில் வைப்பது வீட்டில் யார் இளையவரோ அவர் வேலை.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைக் கலைப்போம். அதற்குள் நாற்று ஒரு சாண் வளர்ந்து, நடுவில் சாய்ந்து, இடையர்களின் இடுப்பை மறைத்திருக்கும். இந்த முறையும் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பிரியைச் சுருட்டினேன். மீதி வைக்கோலையும், வேரோடு பாய் போல எழும்பி வந்த நாற்றையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். அக்கா பால் கறந்து முடித்திருந்தார். பசு முதலில் நாற்றை முகர்ந்தது. ஒரு வாய் இழுத்தது. பிறகு மண்ணை உதறிவிட்டு முழுப் பச்சையையும் தின்றது. வைக்கோல் கடைசியாக.

அக்கா என் கையில் இருந்த கண்ணுப்பிள்ளைக் கொத்தைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் டீச்சர் பறிச்சீக? அடுத்த வாரம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேணும். இங்கன எங்கயும் காணலை.”

தென்கால் கண்மாய்க் கரை என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேசிக்கொண்டோம்.